விடுமுறைக்கு வந்தவர் விளையாடும் கொல்ப் மைதானம்: இலகுவாக அமைப்பது எப்படி?

கனடாவில் கொல்ப் மைதானம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்த முதலாவது காலை, மேற்பார்வையாளர் என் கையில் நீண்ட பிடியுள்ள வாரி ஒன்றைத் தந்து, ஏழாவது குழிக்குப் போய் பங்கர்களை வாரிவிட்டு வரச் சொன்னார். அவர் சொன்னதில் எனக்கு விளங்கிய ஒரே சொல் பங்கர்தான். 2009 இன் முதல் மாதங்களில் மாத்தளனில் நாங்கள் வெட்டியதும் பங்கர். அம்மாவின் சேலைகளைக் கிழித்துப் பை தைத்து, மண் நிரப்பி அதன் வாயில் அடுக்கியிருந்தோம். இங்கே பங்கர் என்பது, பணம் கட்டி விளையாட வந்தவரின் பந்து விழுவதற்கென்றே வெட்டி, மணல் கொட்டி, தினமும் விடியப்புறம் வாரி அழகுபடுத்தி வைக்கும் பள்ளம். இரண்டு பங்கரையும் ஒரே சொல்லால் அழைக்கப் பழகுவதற்கு எனக்குக் கனகாலம் எடுத்தது.

அந்த மைதானம் ஒன்ராறியோவில், ஏரிக்கரை விடுமுறை வீடுகள் நிறைந்த பகுதி ஒன்றில் இருக்கிறது. அங்கு வருபவர்களில் பெரும்பாலானோர் வருடத்துக்கு நாலைந்து தரம் மட்டையைத் தொடுபவர்கள். நான் சேர்ந்து சில வருடங்களில் உரிமையாளர் ஒரு வடிவமைப்பாளரை அழைத்து, மைதானத்தை இலகுவாக்கும் வேலையைத் தொடங்கினார். மூன்று பருவகாலம் நடந்த அந்த வேலையில் மண் அள்ளியவர்களில் நானும் ஒருவன். அரைவாசிக்கும் மேற்பட்ட பங்கர்களை நாங்களே மூடினோம். ஏன் மூடுகிறோம், ஏன் இதை மட்டும் விடுகிறோம் என்று அந்த வடிவமைப்பாளரிடம் கேட்டுக் கேட்டுத்தான் இந்த விசயங்களைக் கற்றுக்கொண்டேன்.

இப்போது இதை எழுதக் காரணம் என் மருமகன். திருகோணமலைக்கு வடக்கே கடற்கரையோரம் அவர்களுக்கும் அயலவர்களுக்கும் தென்னங்காணிகள் இருக்கின்றன. சுற்றுலா விடுதியோடு சேர்த்து சிறிய கொல்ப் மைதானம் போட அந்தக் காணிகளை நீண்டகாலக் குத்தகைக்குக் கேட்டு ஆட்கள் வந்து போயிருக்கிறார்கள். “மாமா, நீங்கள் அந்த வேலைதானே செய்கிறீர்கள், இது என்ன மாதிரி விசயம், எவ்வளவு நிலம் வேணும், எங்களுக்கு என்ன மிஞ்சும்?” என்று கேட்டார். தொலைபேசியில் சொல்லி முடிக்கக்கூடிய கேள்வி அல்ல அது. இதே கேள்வியோடு வேறு ஊர்களிலும் ஆட்கள் இருக்கலாம்.

விளையாட்டின் அடிப்படை

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். பந்தை முதலில் வைத்து அடிக்கும் சமதள மேடைக்கு ரீ என்று பெயர். அங்கிருந்து குட்டையாக வெட்டிய புல்வெளி வழியே போகவேண்டும். அது பெயார்வே. முடிவில் கம்பளம் போல் வெட்டிய புல்தரை, அது கிரீன். கிரீனில் 108 மில்லிமீற்றர் விட்டமுள்ள குழி. ரீயிலிருந்து கிரீன் வரையான முழுத் துண்டையும் குழி என்றே சொல்வார்கள். முழு மைதானத்தில் 18 குழிகள். நல்ல ஆட்டக்காரர் ஒரு குழியை இத்தனை அடியில் முடிக்கவேண்டும் என்ற கணக்கு பார். அது 3, 4 அல்லது 5 ஆக இருக்கும்.

இலங்கைக்கு இது புதிதல்ல. கொழும்பில் வெள்ளைக்காரர் 1879 இல் கழகம் தொடங்கினார்கள். இன்று அந்த மைதானத்துக்குள்ளால் களனிவெளி ரயில் பாதை ஓடுகிறது. நுவரெலியா மைதானமும் பிரித்தானியர் காலத்தது. திகனவில் உள்ள விக்டோரியா மைதானத்தை டொனால்ட் ஸ்டீல் வடிவமைத்தார். அம்பாந்தோட்டையில் ஷங்ரிலா விடுதியோடு ஒன்று இருக்கிறது. திருகோணமலை சீனக்குடாவில் விமானப்படை ஒன்றை நடத்துகிறது. எங்கள் ஆட்கள் பெரும்பாலும் இவற்றை வேலிக்கு வெளியே நின்று பார்த்தவர்கள்தான்.

கெட்டிக்காரனுக்குத் தெரியாத கஷ்டம்

ஒரு மைதானத்தைக் கடினமாக்குவது சுலபம். தண்ணீரை வெட்டு, பற்றையை வளர், பெயார்வேயை ஒடுக்கு, வேலை முடிந்தது. தொலைக்காட்சியில் காட்டும் போட்டிகளுக்கு அது பொருந்தும். விடுமுறைக்கு மனைவி பிள்ளைகளோடு வந்தவருக்கு அது தண்டனை. அவர் அடிக்கும் மிக நீளமான அடியே 200 யாரைச் சுற்றித்தான் இருக்கும். அதுவும் நேரே போகாது. வலக்கைக்காரரில் அநேகருக்குப் பந்து வலப்பக்கமாக வளைந்து போகும். கிரீனுக்கு அடிக்கும்போது பெரும்பாலும் பந்து தாண்டிப் போகாது, குறைவாகவே விழும். இந்த இரண்டையும் மனதில் வைத்தாலே பாதி வடிவமைப்பு முடிந்துவிடும். இடைஞ்சல்களை இடப்பக்கம் வை, வலப்பக்கத்தைத் திறந்து விடு. கிரீனுக்கு முன்னால் ஒன்றும் வைக்காதே, உருண்டு ஏற வழி விடு.

எங்கள் மைதானத்தில் நாங்கள் முதலில் மூடியது, ரீயிலிருந்து சுமார் 190 யார் தூரத்தில் வலப்பக்கமாக இருந்த பங்கர்களைத்தான். வடிவமைப்பாளர் சொன்ன காரணம் எனக்கு இன்னும் பிடிக்கும். நன்றாக அடிப்பவரின் பந்து அந்தப் பங்கர்களுக்கு மேலால் பறந்துவிடும். அவருக்கு அவை அங்கு இருப்பதே தெரியாது. மாட்டுப்படுபவர் பலவீனமான ஆட்டக்காரர் மட்டும்தான். ஏற்கனவே தடுமாறுபவனுக்கு இன்னும் ஒரு பள்ளம் வெட்டி வைப்பதில் என்ன அர்த்தம்? பழக்கமில்லாத ஒருவர் மணலுக்குள் இறங்கினால் வெளியே வர மூன்று நாலு அடி எடுக்கும். பின்னால் வருகிற கூட்டம் காத்து நிற்கும். பராமரிப்பிலும் செலவு பிடித்தது அதுதான். மழை பெய்தால் ஓரம் இடிந்து மணல் கீழே வழியும், அதை மண்வெட்டியால் திரும்ப ஏற்றவேண்டும். அந்த வேலையை நான் செய்தவன்.

எல்லாப் பங்கரையும் மூடினால் மைதானம் வெறும் மாட்டுத்தரவை ஆகிவிடும். ஆகவே சிலவற்றை விட்டோம். கண்ணுக்குத் தெரிய வேண்டும், பயமுறுத்த வேண்டும், ஆனால் பக்கத்தில் தாராளமாக இடம் இருக்க வேண்டும். இந்த வித்தையில் பெயர்போனவர் அலிஸ்டர் மக்கென்சி. 1870 இல் இங்கிலாந்தில் பிறந்த இவர் தொழிலால் வைத்தியர். தென்னாபிரிக்காவில் நடந்த போயர் யுத்தத்தில் பிரித்தானியப் படையோடு இருந்தபோது, போயர்கள் தங்கள் அகழிகளை நிலத்தோடு நிலமாக மறைத்து வைத்த விதம் அவர் கண்ணில் பட்டது. முதலாம் உலகப் போரில் இராணுவத்துக்கு உருமறைப்புக் கற்பித்தார். அதே அறிவைத்தான் கொல்ப் மைதானங்களிலும் பயன்படுத்தினார். உண்மையில் தூரத்தில் இருக்கும் பள்ளம் கிரீனை ஒட்டி இருப்பதுபோலத் தெரியும். பயங்கரமாகத் தோன்றும் இடத்தில் போதிய இடம் இருக்கும். அகழியைப் பார்த்துவிட்டு விளையாட்டு மைதானம் செய்யலாம் என்று ஒரு மனிதருக்குத் தோன்றியிருக்கிறது. இதை முதலில் வாசித்தபோது எனக்குக் கோபம் வந்ததா, சிரிப்பு வந்ததா என்று சொல்லத் தெரியவில்லை.

1920 இல் அவர் எழுதிய சிறிய நூலில் பந்து தேடி அலையும் எரிச்சல் இருக்கவே கூடாது என்பதை ஒரு விதியாக வைத்தார். பொபி ஜோன்ஸுடன் சேர்ந்து அவர் அமெரிக்காவில் அமைத்த ஒகஸ்டா தொடக்கத்தில் அகலமான, உயர்ந்த புல் இல்லாத, இருபது சொச்சம் பங்கர்கள் மட்டுமே உள்ள மைதானம். சாதாரண அங்கத்தவர் சந்தோசமாக விளையாட வேண்டும், கெட்டிக்காரர் யோசித்து விளையாட வேண்டும் என்பது நோக்கம். 1934 இல் அங்கு முதலாவது போட்டி நடப்பதற்கு முன்னரே மக்கென்சி இறந்துவிட்டார். பிறகு அது போட்டிக்காகக் கடினமாக்கப்பட்டது வேறு கதை.

அகலம்

எங்கள் காலத்தில் இதற்கு நல்ல உதாரணம் ஸ்கொட்லாந்துக்காரரான டேவிட் மக்லே கிட். வாழ்த்து அட்டை வியாபாரத்தில் பணம் சேர்த்த மைக் கெய்சர் என்பவர், அமெரிக்காவின் ஒரிகன் கடற்கரையில், யாரும் தேடி வராத இடத்தில் பாண்டன் டியூன்ஸ் என்ற மைதானத்தை இவரைக் கொண்டு கட்டினார். 1999 இல் திறந்தது. கடற்காற்று பலமான இடம் என்பதால் பெயார்வேக்கள் அகலம். தூரத்திலிருந்து சாதாரண ஆட்டக்காரர்கள் திரண்டு வந்தார்கள். பிறகு கிட் கட்டிய சில மைதானங்கள் மிகக் கடினம் என்று பேச்சு வாங்கின. தான் கடினத்தைத் துரத்திக்கொண்டு போய்விட்டதாக அவரே பின்னர் ஒப்புக்கொண்டார். 2014 இல் வொஷிங்டன் மாநிலத்தில் கம்பிள் சாண்ட்ஸ், 2018 இல் விஸ்கொன்சினில் மம்மத் டியூன்ஸ் என்று மறுபடி தாராளமாகக் கட்டினார். வழமையான பெயார்வே 30, 40 யார் அகலம் என்றால் மம்மத் டியூன்ஸில் அதைப்போல இரண்டு மூன்று மடங்கு. பந்தைத் தொலைப்பதே கஷ்டம் என்று அங்கு போய்வந்தவர்கள் சொல்வார்கள்.

அகலத்தை வெறும் வயல்போல விட்டால் விளையாட்டில் ருசி இல்லை. எந்தப் பக்கம் நின்றாலும் பந்து கிடைக்கும், ஆனால் ஒரு பக்கத்திலிருந்து மட்டும் கிரீன் வாய் திறந்து தெரியும் என்று செய்யவேண்டும். அப்போது புதியவர் எங்காவது அடித்துவிட்டு சந்தோசமாக நடப்பார். தெரிந்தவர் அந்தப் பக்கத்தைக் குறிவைத்து, அதன் ஓரத்தில் இருக்கும் ஒற்றைப் பங்கரோடு மோதிப் பார்ப்பார். இருவருக்கும் ஒரே நிலம் போதும்.

கிரீனிலும் இதே விசயம்தான். ஆமை முதுகு போலச் செய்தால் ஓரத்தில் விழுந்த பந்து வெளியே வழிந்து போகும். அமெரிக்காவின் பைன்ஹேர்ஸ்ட் இரண்டாம் மைதானம் இதற்குப் பெயர்போனது; வல்லவர்களையே அழவைக்கும். விடுமுறைக்காரருக்கு கிண்ணம் போல ஓரங்கள் உயர்ந்து, பந்தை நடுவுக்குக் கூட்டி வரும் கிரீன்தான் வேண்டும். சும்மா அடித்த பந்து சரிவில் உருண்டு குழிக்குப் பக்கத்தில் நின்றால் அந்த ஆள் அடுத்த வருடமும் வருவார். புல்லை மிகக் குட்டையாக வெட்டவும் கூடாது. எங்கள் மைதானத்தில் அரை மில்லிமீற்றர் உயர்த்தி வெட்டத் தொடங்கியதும் முறைப்பாடுகள் குறைந்தன, புல்லும் நோயில்லாமல் நின்றது.

ரீ மேடைகளை ஒவ்வொரு குழிக்கும் நாலைந்து வைக்கவேண்டும். 2011 இல் அமெரிக்காவில் இதற்கென்று ஒரு பிரசாரமே நடந்தது: 200 யார் அடிப்பவர் மொத்தம் 5200 முதல் 5400 யார் வரையான நீளத்திலும், 150 யார் அடிப்பவர் 3500 யார் அளவிலும் விளையாடினால் போதும் என்றார்கள். முன் மேடைகளைப் பெண்களுக்கு உரியவை என்று ஒதுக்கும் பழக்கம் பிழை. வயதானவர், பிள்ளைகள், புதியவர் எல்லோருக்கும் அது உதவும். முன் மேடையை ஏதோ மூலையில் மிஞ்சிய இடத்தில் போடாமல், அதற்கும் சரியான பார்வைக்கோணம் கொடுக்கவேண்டும் என்று அமெரிக்கப் பெண் வடிவமைப்பாளர் அலிஸ் டை நெடுங்காலம் வாதாடினார். பள்ளமோ நீரோ குறுக்கே இருந்தால், தாண்டி அடிக்க முடியாதவர் சுற்றிப் போக ஒரு பக்கம் தரை இருக்கவேண்டும். ஒரே ஒரு தரம் விளையாட வருபவருக்கு மேட்டுக்குப் பின்னால் மறைந்திருக்கும் கிரீன் வேண்டாம். முன்னால் போன கூட்டம் அங்கு நிற்பது அவருக்குத் தெரியாது.

யாராவது உங்களிடம் வரைபடம் காட்டி இது இலகுவான மைதானம் என்றால், ஸ்லோப் எண் எவ்வளவு வரும் என்று கேளுங்கள். 55 முதல் 155 வரை போகும் அந்த எண், கெட்டிக்காரரோடு ஒப்பிடும்போது சாதாரண ஆட்டக்காரருக்கு எவ்வளவு கூடுதல் கஷ்டம் என்பதைக் காட்டும். நடுவெண் 113. விடுமுறை மைதானத்தின் முன் மேடைகளுக்கு அதைவிடக் குறைவாக வந்தால் நல்லது.

அயலவருக்கு உரிய விசயங்கள்

மருமகனுக்கு நான் அழுத்திச் சொன்னது இந்தப் பகுதி. அகலம் என்றால் நிலம். வழமையான 18 குழி மைதானத்துக்கு 150 ஏக்கர் அளவில் போகும். தாராளமாக விட்டால் இன்னும் கூடும். பரப்புக் கணக்கில் 150 ஏக்கர் 2400 பரப்பு. ஒரு கிராமமே உள்ளே போய்விடும். ஆனால் விடுமுறைக்காரருக்கு 18 குழி தேவையே இல்லை. எல்லாம் பார் 3 ஆக 9 குழிகள் வைத்தால் 20, 30 ஏக்கருக்குள் முடியும், ஒன்றரை மணித்தியாலத்தில் ஆடி முடித்துவிட்டு சாப்பாட்டுக்குப் போகலாம். பாண்டன் டியூன்ஸிலேயே 2012 இல் 13 குழியில் ஒரு குறு மைதானம் திறந்தார்கள். குறு மைதானத்தில் அகலத்துக்குப் பதிலாகப் பெரிய கிண்ணக் கிரீன்கள் அந்த வேலையைச் செய்யும். நிலம் கேட்பவர் 18 குழி வேண்டும் என்று பிடிவாதமாக நின்றால் அவருக்கு வேண்டியது கொல்ப் தானா, காணியா என்று சந்தேகப்பட இடமுண்டு.

அடுத்தது பந்து விழும் இடம். வலப்பக்கம் வளையும் என்று சொன்னேன். ஆகவே மைதானத்தின் ஓரத்தால் போகும் குழிகளை மணிக்கூட்டுத் திசையில் சுற்றவிட்டால் எல்லை இடப்பக்கம் வரும், தவறிய பந்துகள் மைதானத்துக்கு உள்ளேயே விழும். எதிர்த்திசையில் சுற்றினால் அவை பாடசாலைக்கும் வீட்டுக் கூரைக்கும் வீதிக்கும் போகும். வரைபடத்தில் அம்புக்குறி எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்தாலே இது தெரிந்துவிடும். இதோடு சூரியனையும் பாருங்கள். கிழக்குக் கரையில் காலையில் முதலாவது குழியைக் கடலை நோக்கி வைத்தால் ஒருவருக்கும் பந்து தெரியாது.

தண்ணீரும் புல்லும் இருக்கின்றன. வெப்ப நாடுகளில் கொல்ப் மைதானங்களுக்குப் போடும் பெர்முடா என்ற புல் வேறொன்றுமில்லை, எங்கள் அறுகம்புல் இனம்தான். வரட்சியைத் தாங்கும். பாஸ்பலம் என்ற இன்னொரு இனம் உவர் நீரையும் தாங்குவதால் கடற்கரை மைதானங்களில் போடுகிறார்கள். மணல் நிலம் என்றால் மாரி மழை தேங்காமல் வடியும், களி நிலம் என்றால் வடிகாலுக்கே பெரும் பணம் போகும். ஆனால் மணலில் வடிவது மழை மட்டுமல்ல. போடும் பசளையும் மருந்தும் நேரே கிணற்று நீருக்கு இறங்கும். யாழ்ப்பாணத்துக் கிணறுகளில் நைத்திரேற்றுப் பிரச்சினை என்னவென்று எங்களுக்குத் தெரியும். ரீயையும் கிரீனையும் மட்டும் நனைத்துப் பசளையிட்டு, மற்ற இடங்களில் வந்த புல்லை வெட்டிவிடும் மைதானங்கள் உலகில் நிறைய உண்டு. கோடையில் அவை மஞ்சளாகக் கிடக்கும். பந்து இன்னும் நன்றாக உருளும், ஆட்டமும் இலகுவாகும். பச்சைக் கம்பளம் காட்டும் விளம்பரப் படத்தைப் பார்த்து மயங்கவேண்டாம்.

கடைசியாகப் பாதை. கடற்கரைக்குப் போகும் வழி மூடப்படும், கரைவலைக்காரர் எப்படிப் போவது என்று மருமகன் கேட்டார். ஸ்கொட்லாந்தில் சென் அன்ட்ரூஸ் பழைய மைதானம் இந்த விளையாட்டின் தாய்வீடு. அதன் முதலாவது, பதினெட்டாவது பெயார்வேக்களுக்குக் குறுக்கே பொதுவீதி ஒன்று கடற்கரைக்குப் போகிறது. சனங்கள் நடந்து கடக்கும்வரை ஆட்டக்காரர் மட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்பார். ஞாயிற்றுக்கிழமைகளில் வழமையாக ஆட்டமே இல்லை. ஊர்ச்சனம் நாயோடும் பிள்ளைகளோடும் புல்லில் நடந்து திரியும். 112 பங்கர்கள் உள்ள, உலகமே கொண்டாடும் மைதானத்தில் இது முடியும் என்றால், ஒன்பது குழி வெட்டுகிறவர் பாதை விடமுடியாது என்று சொல்வதை ஏற்கத் தேவையில்லை. வரைபடத்தில் பாதையை முதலில் கீறச் சொல்லுங்கள், குழிகளைப் பிறகு கீறட்டும். குத்தகைப் பத்திரத்திலும் அந்தப் பாதை எழுத்தில் வரவேண்டும்.

மருமகன் போன கிழமை காணியின் படங்கள் அனுப்பியிருந்தார். மேற்குப் பக்கம் பனைவரிசை, கிழக்கே தாழை, நடுவில் மணல் திட்டு. ஒரு போத்தலில் ஓரடி ஆழத்து மண்ணும் இன்னொன்றில் மூன்றடி ஆழத்து மண்ணும் எடுத்து, தண்ணீர் விட்டுக் கலக்கி, ஒரு இரவு அசையாமல் வைத்துவிட்டு, எந்த அளவு மணல், எந்த அளவு களி என்று படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன். கிணற்று நீர் மட்டத்தையும் இப்போது ஒருதரம், மாரி முடிந்து ஒருதரம் அளக்கச் சொன்னேன். கையெழுத்து அதற்குப் பிறகுதான் என்று அயலவர்களும் ஒத்துக்கொண்டிருக்கிறார்கள்.